சுற்று வழியே குறுக்கு வழி

2016 அக்டோபர் நடுவில் டெல்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குக் கிளம்பிய ஏர் இந்தியா விமானம் வழக்கமான பக்கம் திரும்பவில்லை. அதற்கு முந்தைய டிசம்பரில் அந்த நேரடிச் சேவை தொடங்கியதிலிருந்து விமானங்கள் வடமேற்கே ஏறி, ஐரோப்பாவைத் தாண்டி, அட்லாண்டிக்கைக் கடந்து, அமெரிக்காவின் மேற்குக் கரையைப் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தன. அந்த வழியின் நீளம் சுமார் 13,900 கி.மீ. அன்றைய விமானமோ கிழக்கே திரும்பியது. கிழக்காசியாவைக் கடந்து பசிபிக் பெருங்கடலுக்கு மேலே போய், மறுபக்கத்திலிருந்து அமெரிக்காவைத் தொட்டது. அது பறந்த தூரம் சுமார் 15,300 கி.மீ.

கூடுதலாக 1,400 கி.மீ. சென்னையிலிருந்து கொல்கத்தாவுக்குப் பறக்கும் தூரம் ஏறக்குறைய அவ்வளவுதான். ஆனாலும் விமானம் 14½ மணி நேரத்தில் இறங்கிவிட்டது. அட்லாண்டிக் வழியைவிட ஏறத்தாழ 2 மணி நேரம் குறைவு. விமானம் பழைய போயிங் 777-200எல்ஆர் ரகம்தான். எஞ்சினிலும் மாற்றம் இல்லை. வேகத்தைக் கூட்டியதும் இல்லை.

தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம் வரும் என்று பள்ளியில் படித்தோம். அந்தக் கணக்கு தப்பில்லை. எந்தத் தூரத்தை வகுக்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. இரண்டு நகரங்களுக்கு நடுவே ஒரே ஒரு தூரம்தான் உண்டு என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். விமானத்தைப் பொறுத்தவரை அப்படி இல்லை.

நூல் காட்டும் வழி

முதலில், தரையில் அளக்கும் தூரத்தையே எடுத்துக்கொள்வோம். நம் வகுப்பறைகளில் தொங்கும் உலக வரைபடத்தில் அமெரிக்கா இடது ஓரத்தில் இருக்கும். அதில் டெல்லியையும் சான் பிரான்சிஸ்கோவையும் ஸ்கேல் வைத்து இணைத்தால் கோடு மேற்கே போகும்: ஈரான், வட ஆப்பிரிக்கா, அட்லாண்டிக், அமெரிக்காவின் முழு அகலம். அந்தக் கோட்டின் வழியே நிஜமாகவே பறந்தால் சுமார் 18,600 கி.மீ. ஜப்பானில் அச்சிடுவதுபோலப் பசிபிக்கை நடுவில் வைத்த வரைபடத்தில் அதே ஸ்கேலை வைத்தால் கோடு கிழக்கே போகும். தூரம் சுமார் 15,000 கி.மீ. அச்சிட்டவர் தாளை எங்கே வெட்டினார் என்பதைப் பொறுத்து 3,600 கி.மீ. வித்தியாசம்!

இப்போது ஒரு பூகோள உருண்டையை எடுத்து, இரண்டு நகரங்களுக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். நூல் மேற்கேயும் போகாது, கிழக்கேயும் போகாது, வடக்கே ஏறும். டெல்லியிலிருந்து கிளம்பும்போது நேர் வடக்கிலிருந்து சுமார் 16 பாகை மட்டும் கிழக்கே சாய்ந்திருக்கும். திபெத் பீடபூமியையும் சைபீரியாவையும் தாண்டி 75 பாகை வட அட்சரேகைக்கும் மேலே, கிழக்கு சைபீரியக் கடலின் பனிக்கு மேல் வளையும். பிறகு அலாஸ்காவின் வடபகுதியைத் தொட்டு, கனடாவின் மேற்குப் பகுதி வழியே சான் பிரான்சிஸ்கோவுக்கு இறங்கும். அதன் நீளம் சுமார் 12,380 கி.மீ.

பூமியின் மையத்தைத் தன் மையமாகக் கொண்ட வட்டத்துக்குப் பெருவட்டம் என்று பெயர். உருண்டையின் மேல் எந்த இரண்டு புள்ளிகளுக்கும் இடையே உள்ள மிகக் குறுகிய வழி, அவற்றின் வழியே செல்லும் பெருவட்டத்தின் ஒரு துண்டுதான். டெல்லியும் சான் பிரான்சிஸ்கோவும் பூமியின் கிட்டத்தட்ட எதிரெதிர்ப் பக்கங்களில் இருக்கின்றன. இரண்டுக்கும் இடையே 160 பாகை தீர்க்கரேகை. அட்சரேகைகளோ, மேலே போகப் போகச் சுருங்கிக்கொண்டே போகும் வட்டங்கள். எனவே அகலமான நடுப்பகுதியைச் சுற்றிவருவதைவிட, உச்சிப் பக்கமாக ஏறி இறங்குவது லாபம். 1569இல் மெர்கேட்டர் வரைந்த வரைபடம் கப்பலோட்டிகளுக்குத் திசைமானியின் கோணத்தைச் சரியாகக் காட்டுவதற்காகத் துருவப் பகுதிகளை இழுத்து விரித்துவிட்டது. இருக்கையின் திரையில் நம் விமானத்தின் பாதை வில்லாக வளைந்து தெரிவதற்கு அந்த விரிப்புதான் காரணம்.

ஆக, வடிவியல் சொல்லும் விடை 12,380. ஏர் இந்தியா பறந்தது முதலில் 13,900, பிறகு 15,300. கவனித்தீர்களா, பசிபிக்கை நடுவில் வைத்த வரைபடத்தில் ஸ்கேல் காட்டிய 15,000க்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது இது. உருண்டையைப் புரிந்துகொள்ளாதவர் போடும் கோடு என்று நாம் ஒதுக்கிய வழியில் போன விமானம்தான் சீக்கிரம் போய்ச் சேர்ந்தது.

காற்றில் அளக்கும் தூரம்

ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுகிறவரிடம் அக்கரைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டால், அவர் ஆற்றின் அகலத்தைப் பார்க்கமாட்டார். தண்ணீரின் ஓட்டத்தைத்தான் பார்ப்பார். பரிசலின் துடுப்பு தள்ளுவது தண்ணீரை. அந்தத் தண்ணீர் எங்கே போகிறதோ, அங்கே பரிசலும் சேர்ந்து போகும்.

விமானமும் காற்றைத்தான் தள்ளுகிறது. இறக்கைக்குத் தரை என்று ஒன்று இருப்பதே தெரியாது. பெரிய பயணிகள் விமானம் உயரத்தில் மணிக்குச் சுமார் 900 கி.மீ. வேகத்தில் பறக்கிறது என்றால், அதைச் சுற்றியுள்ள காற்றோடு ஒப்பிட்டு 900 என்று பொருள். அந்தக் காற்றே மணிக்கு 150 கி.மீ. வேகத்தில் அதே திசையில் நகர்ந்தால், தரையிலிருந்து பார்ப்பவருக்கு விமானம் 1,050இல் போகும். எதிரே வந்தால் 750தான்.

அன்றைய டெல்லி விமானத்துக்கு இதைப் பொருத்திப் பார்க்கலாம். 15,300 கி.மீ.யை 14½ மணியால் வகுத்தால் சராசரித் தரை வேகம் சுமார் 1,055. விமானத்தின் சொந்த வேகம் 900 என்று வைத்துக்கொண்டால், மீதி 155ஐக் கொடுத்தது பின்காற்று. அட்லாண்டிக் வழியில் 13,900 கி.மீ.க்கு 16½ மணி என்றால் சராசரி சுமார் 842. இங்கே எதிர்காற்று 58ஐப் பிடுங்கிக்கொண்டது. ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறையும் என்பதால் இது தோராயக் கணக்குதான். ஆனால் படம் தெளிவாகக் கிடைக்கிறது.

இப்போது கேள்வியைத் திருப்பிப் போடுவோம். விமானம் காற்றுக்குள் எவ்வளவு தூரம் உழைத்துப் பறந்தது? பசிபிக் வழியில் 900ஐ 14½ஆல் பெருக்கினால் சுமார் 13,050 கி.மீ. அட்லாண்டிக் வழியில் 900ஐ 16½ஆல் பெருக்கினால் சுமார் 14,850 கி.மீ. வரிசை தலைகீழாகிவிட்டது. தரையில் நீளமான வழி, காற்றில் குட்டையானது. விமான நிறுவனங்களின் பயணத் திட்டத் தாளில் இந்த இரண்டு எண்களும் தனித்தனியாகவே இருக்கும்: தரைத் தூரம் ஒன்று, காற்றுத் தூரம் ஒன்று. எரிபொருள் கணக்கும் நேரக் கணக்கும் இரண்டாவதை வைத்துத்தான்.

நிலைத்து நிற்கும் பரப்பில் மிகக் குறுகிய வழியைக் கண்டுபிடிக்கப் பெருவட்டம் போதும். ஓடிக்கொண்டிருக்கும் ஊடகத்தில் மிக விரைவான வழி எது? இதைக் கணிதக் கேள்வியாக எழுப்பி 1931இல் தீர்வு தந்தவர் ஜெர்மன் கணிதவியலாளர் எர்ன்ஸ்ட் செர்மெலோ. கணக் கோட்பாட்டின் அடித்தளத்தில் வேலை செய்தவர் என்றுதான் கணிதம் படித்தவர்கள் அவரை அறிவார்கள். இன்று ஒவ்வொரு நீண்ட பயணத்துக்கும் முன்னால் கணினிகள் அவர் எழுப்பிய கேள்விக்குத்தான் விடை தேடுகின்றன. வானிலை மையங்கள் தரும் உயர் காற்று முன்னறிவிப்பை உள்ளே போட்டு, அன்றைக்கு எந்த வழி மலிவு என்று கேட்கிறார்கள். அதனால்தான் ஒரே எண் கொண்ட விமானம் திங்கள்கிழமை ஒரு பாதையிலும் செவ்வாய்க்கிழமை வேறொரு பாதையிலும் போகிறது.

பூமி சுழல்வதால்தானா?

இந்த இடத்தில் பலருக்கும் ஒரு சந்தேகம் வரும். பூமி மேற்கிலிருந்து கிழக்கே சுழல்கிறது. அப்படியானால் மேற்கே பறக்கும் விமானத்தை நோக்கி ஊரே வந்துவிட வேண்டாமா? நிலநடுக்கோட்டில் பூமியின் பரப்பு மணிக்குச் சுமார் 1,670 கி.மீ. வேகத்தில் நகர்கிறது. ஹெலிகாப்டரில் ஏறி ஒரே இடத்தில் நின்றால், கீழே ஆப்பிரிக்கா வந்துவிடுமே?

வராது. தரையோடு சேர்ந்து காற்று மண்டலமும் சுழல்கிறது. விமானமும் கிளம்பும் முன்பே அந்த வேகத்தில்தான் இருக்கிறது. நேரடியாகப் பார்த்தால் சுழற்சிக்கும் பயண நேரத்துக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் மறைமுகமாக உண்டு. அதுதான் காற்றின் கதை.

வெப்பமண்டலத்தில் சூடான காற்று விரிந்து உயர்ந்து நிற்கிறது. துருவப் பக்கத்தில் குளிர்ந்த காற்று அடர்ந்து தாழ்ந்து கிடக்கிறது. எனவே தரையிலிருந்து 10 கி.மீ. உயரத்தில் ஒப்பிட்டால், வெப்பமண்டலத்துக்கு மேலே அழுத்தம் கூடுதல், துருவத்துக்கு மேலே குறைவு. அழுத்தம் காற்றைத் துருவம் நோக்கித் தள்ளுகிறது. அது போகும் வழியில் பூமியின் சுழற்சி அதைத் திசை திருப்புகிறது. வட அரைக்கோளத்தில் வலப்பக்கமாக. வடக்கே போகக் கிளம்பிய காற்று கிழக்கே பாயும் காற்றாகிவிடுகிறது. வெப்பம் எங்கே திடீரென்று குளிராக மாறுகிறதோ, அங்கே இந்தப் பாய்ச்சல் சில நூறு கி.மீ. அகலத்தில் குவிந்து ஓடும். அதுதான் ஜெட் காற்றோட்டம். சாதாரண நாளில் மணிக்கு 150, 200 கி.மீ.; குளிர்காலத்தில் 300ஐத் தாண்டுவதும் உண்டு. அது ஓடும் உயரம் 9 முதல் 12 கி.மீ. பயணிகள் விமானங்கள் பறக்கும் உயரமும் அதுவே.

டெல்லிக்கு இதில் ஓர் அதிர்ஷ்டம். குளிர்காலத்தில் இந்தக் காற்றோட்டத்தின் தெற்குக் கிளை இமயமலைக்குத் தெற்கே, வட இந்தியாவின் தலைக்கு மேலேயே போகிறது. அங்கிருந்து சீனாவைக் கடந்து ஜப்பானை அடையும்போது, ஒரு பக்கம் சைபீரியக் குளிரும் மறுபக்கம் பசிபிக்கின் வெதுவெதுப்பும் சேர்ந்து அதை முறுக்கேற்றுகின்றன. உலகிலேயே மிக வலுவான ஜெட் காற்றோட்டங்களில் ஒன்று குளிர்காலத்தில் ஜப்பானுக்கு மேலே ஓடுவது. கோடையில் அது வலுவிழந்து இமயத்துக்கு வடக்கே விலகிவிடும். அந்தப் பருவமழை மாதங்களில் நம் தென்னிந்தியாவுக்கு மேலே, சுமார் 14 கி.மீ. உயரத்திலும் அதற்கு மேலும், நேர் எதிராகக் கிழக்கிலிருந்து மேற்கே ஒரு ஜெட் காற்றோட்டம் உருவாகிறது. அதை 1950களில் அடையாளம் கண்டு விளக்கியவர் இந்திய வானிலை ஆய்வாளர் பி. கோட்டீஸ்வரம்.

எஸ்பெராண்டோவில் புதைந்த கண்டுபிடிப்பு

ஜப்பானுக்கு மேலே இப்படி ஒரு காற்று ஓடுவதை முதலில் அளந்தவர் வசாபுரோ ஓய்ஷி. டோக்கியோவுக்கு வடக்கே டடேனோ என்ற ஊரில் இருந்த வானிலை ஆய்வகத்தின் தலைவர். 1923 மார்ச் முதல் 1925 பிப்ரவரி வரை பலூன்களைப் பறக்கவிட்டு, அவை நகர்வதைத் தொலைநோக்கி பொருத்திய கோணமானியால் தொடர்ந்து, 1,288 அளவீடுகளைச் சேர்த்தார். குளிர்காலத்தில் மேலே போகப் போகக் காற்று நம்ப முடியாத வேகத்தில் மேற்கிலிருந்து வீசியது. உலக விஞ்ஞானிகள் எல்லோரும் படிக்க வேண்டும் என்று நினைத்து 1926இல் தன் அறிக்கையை எஸ்பெராண்டோ மொழியில் வெளியிட்டார். உலகப் பொதுமொழியாகும் என்று சிலர் நம்பிய செயற்கை மொழி அது. எல்லோருக்குமாக எழுதியதை ஜப்பானுக்கு வெளியே அநேகமாக யாரும் படிக்கவில்லை.

படிக்காததன் விலை 1944 நவம்பர் 24 அன்று தெரிந்தது. மரியானா தீவுகளிலிருந்து கிளம்பிய அமெரிக்க பி-29 குண்டுவீச்சு விமானங்கள் டோக்கியோவின் விமானத் தொழிற்சாலையைக் குறிவைத்து, சுமார் 9 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து நுழைந்தன. பின்னாலிருந்து தள்ளிய காற்றில் தரை வேகம் மணிக்கு 700 கி.மீ.யைத் தாண்டியது. அவற்றின் குறிபார்க்கும் கருவிகள் அந்த வேகத்துக்குச் செய்யப்பட்டவையே அல்ல. குண்டுகளில் மிகச் சிலவே இலக்கில் விழுந்தன. ஜப்பானியர்களோ காற்றை முன்பே அறிந்திருந்தார்கள். 1944 நவம்பர் தொடங்கி, வெடிகுண்டு கட்டிய காகித பலூன்கள் 9,000க்கும் மேல் அதே காற்றில் ஏவி, பசிபிக்கைக் கடந்து அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். ஓரிகன் காட்டில் கிடந்த ஒரு பலூன் குண்டு 1945 மே மாதம் வெடித்து 6 பேர் இறந்தார்கள்.

போர் முடிந்தபின் அதே காற்று வியாபாரத்துக்கு வந்தது. 1952 நவம்பர் 18 அன்று பான் ஆம் நிறுவனத்தின் விமானம் ஒன்று டோக்கியோவிலிருந்து ஹொனலூலுவுக்கு வேண்டுமென்றே ஜெட் காற்றோட்டத்துக்குள் ஏறிப் பறந்தது. வழக்கமாக 18 மணி நேரம் ஆகும் பயணம் 11½ மணி நேரத்தில் முடிந்தது.

இன்று இது அன்றாடம். 2020 பிப்ரவரியில் சியாரா புயலின்போது நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு ஒரு பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் 4 மணி 56 நிமிடத்தில் போய்விட்டது. தரை வேகம் ஒரு கட்டத்தில் மணிக்கு 1,300 கி.மீ.யைத் தாண்டியது. ஒலியின் வேகத்தை மீறிவிட்டதே என்று சிலர் வியந்தார்கள். தன்னைச் சுற்றியுள்ள காற்றோடு ஒப்பிட்டால் அந்த விமானம் என்றும்போலத்தான் பறந்தது. ஒலித்தடையை அது நெருங்கவே இல்லை.

போகும்போது கிடைத்தது, வரும்போது போய்விடுமா?

போகும்போது உதவிய காற்று வரும்போது தடுக்கும். இரண்டும் கழிந்து சமமாகிவிடும் என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 9,000 கி.மீ. தூரம், 900 கி.மீ. வேகம். காற்றே இல்லாவிட்டால் போக 10 மணி, வர 10 மணி, மொத்தம் 20. இப்போது 150 கி.மீ. காற்று. பின்காற்றோடு போகும்போது 8 மணி 34 நிமிடம். எதிர்காற்றில் திரும்பும்போது 12 மணி. மொத்தம் 20 மணி 34 நிமிடம். லாபம் 1 மணி 26 நிமிடம். நஷ்டம் 2 மணி.

காரணம் எளிது: எதிர்காற்று நம்மை மெதுவாக்குவதால், அந்தக் காற்றுக்குள் அதிக நேரம் சிக்கிக்கொள்கிறோம். உதவும் காற்றில் இருக்கும் நேரமோ குறைவு. ஆகவே போய்த் திரும்பும் எவரும் காற்றுக்குக் கொஞ்சம் வரி கட்டியே ஆக வேண்டும்.

ஒரே ஒரு வகைப் பயணத்துக்கு மட்டும் இந்த வரி இல்லை. டெல்லிக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் நடுவே ஏறத்தாழ அரை உலகம் இருக்கிறது. எந்தப் பக்கமாகப் போனாலும் பெரிய வித்தியாசம் இல்லை. ஏர் இந்தியா போகும்போது கிழக்கே பசிபிக் வழியாகப் போனது. திரும்பும்போதும் கிழக்கேயே, அட்லாண்டிக் வழியாக வந்தது. இரண்டு பயணத்திலும் காற்று முதுகுப் பக்கமே. போய் வந்த விமானம் பூமியை முழுதாக ஒரு சுற்றுச் சுற்றியிருக்கும்.

இதே 777-200எல்ஆர் ரக விமானத்தை வைத்து 2005 நவம்பரில் போயிங் நிறுவனம் ஒரு சாதனை செய்தது. ஹாங்காங்கிலிருந்து லண்டனுக்கு நேர் வழி சுமார் 9,600 கி.மீ. அவர்கள் கிழக்கே கிளம்பி, பசிபிக்கையும் அமெரிக்காவையும் அட்லாண்டிக்கையும் கடந்து, எங்கும் இறங்காமல் 21,602 கி.மீ. பறந்து 22 மணி 42 நிமிடத்தில் லண்டனில் இறங்கினார்கள்.

எரிபொருளைச் சுமக்க எரிபொருள்

2 மணி நேரம் மிச்சமானால் என்ன பெரிய லாபம் என்று பயணி கேட்கலாம். நிறுவனத்துக்கு அது எடைக் கணக்கு. 777-200எல்ஆர் ஓடுபாதையில் ஓடும்போது அதிகபட்சம் 347 டன் இருக்கலாம். அதன் டேங்குகளில் சுமார் 1.81 லட்சம் லிட்டர் பிடிக்கும். எடையில் 145 டன். அதாவது விமானத்தின் எடையில் ஐந்தில் இரண்டு பங்கு எரிபொருள்தான். மணிக்கு 7 முதல் 8 டன் வரை எரிகிறது. 2 மணி நேரம் என்றால் 15 டன்.

அதோடு நிற்கவில்லை. அந்த 15 டன்னைக் கடைசி 2 மணி நேரத்துக்காக வைத்திருக்க வேண்டுமானால், முதல் 14 மணி நேரமும் சுமந்துகொண்டே பறக்க வேண்டும். சுமப்பதற்குத் தனி எரிபொருள் வேண்டும். அதைச் சுமக்க இன்னும் கொஞ்சம். தூரம் கூடக் கூட இந்தக் கணக்கு கழுத்தை நெரிக்கும். கடைசியில் இருக்கைகளைக் குறைக்க வேண்டியதாகும். இன்று சிங்கப்பூருக்கும் நியூயார்க்குக்கும் நடுவே 15,300 கி.மீ.க்கு மேல் பறக்கும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் ஏ350 விமானத்தில் 161 இருக்கைகள்தான்; எகானமி வகுப்பே கிடையாது.

காற்று சரி, கீழே என்ன இருக்கிறது?

காற்று ஒத்துழைத்தாலும் நூல் காட்டிய வழியில் அப்படியே போக முடியாது. டெல்லியிலிருந்து வடக்கே ஏறியவுடன் திபெத். கேபினில் காற்றழுத்தம் திடீரென்று குறைந்தால் விமானி உடனே சுமார் 3 கி.மீ. உயரத்துக்கு இறங்க வேண்டும். அங்கேதான் முகமூடி இல்லாமல் மூச்சுவிட முடியும். திபெத்தின் தரையே சராசரியாக 4½ கி.மீ. உயரத்தில் இருக்கிறது. தலைக்கு மேலே விழும் ஆக்சிஜன் முகமூடிகள் பெரும்பாலான விமானங்களில் கால் மணி நேரம், இருபது நிமிடம் என்ற அளவில்தான் வேலை செய்யும். கூடுதல் ஆக்சிஜனும், எந்தப் பள்ளத்தாக்கு வழியே தப்பி வெளியேறுவது என்ற திட்டமும் இல்லாமல் அங்கே நுழைய முடியாது.

அதற்கும் மேலே துருவம். அமெரிக்காவில் வழக்கமாக நிரப்பும் ஜெட் ஏ எரிபொருள் மைனஸ் 40 டிகிரியில் உறையத் தொடங்கும்; மற்ற நாடுகளின் ஜெட் ஏ-1 மைனஸ் 47இல். துருவ வானத்தில் வெளி வெப்பநிலை அதற்கும் கீழே போவதுண்டு. இதையெல்லாம் கணக்கிட்டுத்தான் 2021 ஜனவரியில் கேப்டன் ஜோயா அகர்வால் தலைமையில் பெண்கள் மட்டுமே கொண்ட விமானிகள் குழு சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு வடதுருவத்தின் வழியே ஏர் இந்தியா விமானத்தை ஓட்டிவந்தது. நேர் தூரம் ஏறக்குறைய 14,000 கி.மீ.

இரண்டு எஞ்சின் விமானம் என்றால் இன்னொரு நிபந்தனை. ஓர் எஞ்சின் நின்றுவிட்டால் மற்றொன்றை வைத்துக்கொண்டு குறிப்பிட்ட நேரத்துக்குள் இறங்க ஒரு விமான நிலையம் இருக்க வேண்டும். 1950களில் அந்த வரம்பு 60 நிமிடம். 1985இல் 120 ஆனது. இப்போது சில 777களுக்கு 330 நிமிடம். 2023 ஜூன் 6 அன்று டெல்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோ சென்ற ஏர் இந்தியா விமானம் எஞ்சின் கோளாறால் ரஷ்யாவின் தூரக் கிழக்கில் உள்ள மகதான் என்ற சிறு நகரில் இறங்கியது. 216 பயணிகள், 16 ஊழியர்கள். அத்தனை பேருக்கு ஓட்டல் இல்லாத ஊர். விடுதிகளிலும் பள்ளிக் கட்டடத்திலும் தரையில் மெத்தை விரித்துப் படுத்தார்கள். இந்தியாவிலிருந்து மாற்று விமானம் வந்து 8ஆம் தேதிதான் அவர்களை ஏற்றிச் சென்றது. வரைபடத்தில் அவர்கள் பாதைக்குப் பக்கத்தில் மகதான் என்ற புள்ளி இருந்ததற்கு அர்த்தம் அன்று விளங்கியது.

மிச்சமிருப்பது அரசியல். பனிப்போர் காலத்தில் சோவியத் வான்வெளி மூடியிருந்ததால், ஐரோப்பாவிலிருந்து ஜப்பான் போன விமானங்கள் அலாஸ்காவின் ஆங்கரேஜில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு போயின. வான்வெளி திறந்தபின் ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோ 9½ மணி நேரமாகச் சுருங்கியது. 2022இல் உக்ரைன் போர் தொடங்கியபின் ரஷ்யா ஐரோப்பிய விமானங்களுக்கு மீண்டும் கதவைச் சாத்த, அதே பயணம் 13 மணி நேரமானது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியபோது, டெல்லியிலிருந்து மேற்கே போகிறவை அரபிக் கடல் வரை தெற்கே இறங்கிச் சுற்ற வேண்டியதாயிற்று. வட அமெரிக்கா செல்லும் சில விமானங்கள் வியன்னாவில் இறங்கி எரிபொருள் நிரப்பின. டெல்லி அப்படியே இருக்கிறது, அமெரிக்காவும் அப்படியே இருக்கிறது. நடுவே ஒரு கையெழுத்தில் பல நூறு கி.மீ. கூடிவிட்டது.

டிக்கெட்டில் இருக்கும் காற்றுமானி

அப்படியானால் டிக்கெட்டில் அச்சிட்ட நேரம் எதைக் காட்டுகிறது? சக்கரங்களுக்கு அண்டை கொடுத்த கட்டையை எடுத்ததிலிருந்து, சேருமிடத்தில் மீண்டும் கட்டை வைக்கும் வரையான நேரத்தை. ஓடுபாதை வரை ஊர்வதும், வரிசையில் காத்திருப்பதும், வானத்தில் வட்டமடிப்பதும் அதற்குள் அடக்கம். பல ஆண்டுகளின் காற்றுப் பதிவுகளைப் பார்த்து, பெரும்பாலான நாட்களில் நேரத்துக்குப் போய்ச் சேரும்படி அதை வைக்கிறார்கள். மார்ச் கடைசியிலும் அக்டோபர் கடைசியிலும் அட்டவணை மாறும்போது, குளிர்காலக் காற்றுக்கு ஏற்றபடி அதுவும் கூடிக் குறையும். இதோடு உள்ளூர் நேரக் குழப்பம் வேறு. டெல்லியில் அதிகாலை 4 மணிக்குக் கிளம்பி 14½ மணி நேரம் பறந்தால், அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோவில் அதே நாள் காலை 6 மணி. கடிகாரத்தைப் பார்த்தால் 2 மணி நேரப் பயணம்!

உள்ளூர் நேரத்தைக் கழித்துவிட்டு உண்மையான பயண நேரத்தை எடுத்துக்கொண்டால், டிக்கெட்டிலிருந்தே மேலே ஓடும் காற்றை அளந்துவிடலாம். லண்டன்–நியூயார்க் தூரம் சுமார் 5,550 கி.மீ. அட்டவணையில் மேற்கே போக ஏறத்தாழ 8 மணி, கிழக்கே திரும்ப 7 மணி. தரையில் ஊர்வதற்கு இரண்டிலும் அரை மணியைக் கழியுங்கள்: 7½ மணி, 6½ மணி. தரை வேகம் மேற்கே 740, கிழக்கே சுமார் 854. வித்தியாசம் 114, அதில் பாதி 57. வட அட்லாண்டிக்குக்கு மேலே விமானங்கள் எதிர்கொள்ளும் காற்று, சராசரியாக மணிக்கு 57 கி.மீ. அளவுக்குக் கிழக்கே போகிறது என்று பொருள்.

இந்த எண் ஒரு தோராயம்தான். மேற்கே போகும் விமானங்கள் ஜெட் காற்றோட்டத்தை விட்டு விலகிச் சுற்றுகின்றன. கிழக்கே போகிறவை அதைத் தேடி உள்ளே நுழைகின்றன. இரண்டும் பறப்பது 5,550 கி.மீ.க்கு மேல். எவ்வளவு மேல் என்பதை அன்றன்று காற்றைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். உங்களிடம் இருக்கும் எந்தப் போய்வரும் டிக்கெட்டிலும் இதே கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். சென்னை–சிங்கப்பூர் போன்ற வெப்பமண்டலப் பாதைகளில் வித்தியாசம் சிறிது; நடு அட்சரேகைகளில் கிழக்கு மேற்காகப் போகும் நீண்ட பாதைகளில் பெரிது. ஒரே பயணத்துக்கான ஜனவரி டிக்கெட்டும் ஜூலை டிக்கெட்டும் கையில் இருந்தால், ஜெட் காற்றோட்டம் குளிர்காலத்தில் வலுப்பெறுவதையும் அந்த நிமிடங்களிலேயே படித்துவிடலாம்.